காற்றுப் புகாத அறை

1

நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்பதை எங்கள் ஊரான பூம்பாறையில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. கேட்டவர்களிடம் "கட்டட வேலைதான்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். என் அண்ணன் பாண்டி மட்டும் விடவில்லை. "கட்டடத்துல என்ன சோலி? கல்லு சுமக்கியா?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் பொறுமையாகச் சொன்னேன். புது வீடு கட்டி முடித்ததும் நான் போவேன். வாசல் கதவைத் திறந்துவைத்து, அந்த நிலையில் கெட்டித் துணி ஒன்றை இழுத்துக் கட்டி, அதன் நடுவில் பெரிய விசிறியைப் பொருத்துவேன். விசிறி வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். சுவரில், ஜன்னலில், குழாய் போகும் ஓட்டையில் எங்கே சந்து இருந்தாலும் வெளிக்காற்று சீறிக்கொண்டு உள்ளே வரும். எவ்வளவு வருகிறது என்று கருவி காட்டும். அதற்கு நாட்டின் கட்டட விதியில் ஒரு அளவு உண்டு. அதைத் தாண்டி ஒழுகினால் வீடு தேறாது. சூடு வீணாகிறது என்று கணக்கு. சந்தைத் தேடி அடைத்துவிட்டு மறுபடி என்னைக் கூப்பிடவேண்டும்.

"அட, சைக்கிள் டியூபத் தண்ணியில முக்கிப் பாக்குற மாரி! வீட்டுக்குப் பஞ்சர் பாக்குறேன்னு சொல்லு" என்றார் அண்ணன்.

அதிலிருந்து ஊரில் எனக்கு அதுதான் பெயர். பாண்டி தங்கச்சி வெளிநாட்டில் வீட்டுக்குப் பஞ்சர் பார்க்கிறாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த விதியில் இன்னொரு பாதி இருக்கிறது. எவ்வளவு இறுக்கி அடைக்கிறாயோ, அவ்வளவு கவனமாக உள்ளே இருப்பவர்கள் மூச்சு விடுவதற்கு வழி செய்யவேண்டும் என்கிற பாதி. சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பேச்சில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அண்ணனுக்குப் பிடித்துப்போனது முதல் பாதிதான்.

2

நாங்கள் இருப்பது அயர்லாந்தின் தெற்கே, மழை ஓயாத ஒரு சின்ன ஊரில். என் வீட்டுக்காரர் சரவணன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருடைய வேலைதான் எங்களை இங்கே கொண்டுவந்தது. திண்டுக்கல்லில் நான் படித்த சிவில் டிப்ளமோவுக்கு இங்கே மரியாதை இல்லை. கல்லூரி முத்திரை தமிழில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மொழிபெயர்த்து அனுப்பினால், மொழிபெயர்த்தவரின் முத்திரை எங்கே என்றார்கள். கொஞ்ச காலம் சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி அடுக்கினேன். அப்புறம்தான் காற்றுக்கசிவுப் பரிசோதனைக்கு ஒரு பயிற்சி இருப்பது தெரிந்து சேர்ந்தேன்.

முதல் வகுப்பிலேயே சறுக்கினேன். கதவிடுக்கில் நுழைகிற குளிர்காற்றுக்கு ஆங்கிலத்தில் draught என்று ஒரு சொல் உண்டு. எழுத்தைப் பார்த்து 'ட்ராட்' என்று வாசித்துவிட்டேன். 'டிராஃப்ட்' என்று சொல்லவேண்டுமாம். கூடப் படித்த கொத்தனார்களும் தச்சர்களும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் அந்தச் சொல் வரும் இடத்தில் என் நாக்கு இன்றைக்கும் ஒரு கணம் தயங்கும். பிள்ளைப்பருவம் முழுக்க அந்தக் காற்றில் படுத்துத் தூங்கியவள், அதன் பெயரைச் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

எங்கள் பழைய வீட்டில் தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. அப்பா அதில் சாக்கைச் சொருகுவார். பக்கத்து ஊர் கவுஞ்சிப் பக்கமிருந்து வரும் காற்று அதைப் பிடுங்கி எறிந்துவிடும். மார்கழியில் கணப்புச் சட்டியில் கரியைப் போட்டு, வெளியே வைத்து விசிறி, புகை அடங்கிக் கங்கானதும் உள்ளே கொண்டுவந்து வைப்பார். சுற்றிப் படுப்போம். முகம் வேகும், முதுகு விறைக்கும். அண்ணனும் நானும் மாறி மாறிப் புரண்டுகொண்டிருப்போம்.

பயிற்சியில் ஒருநாள் கார்பன் மோனாக்சைடு பற்றிய பாடம். நிறம் கிடையாது, வாசம் கிடையாது. கங்கில் புகை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. தூங்குகிறவர்கள் தூங்கியபடியே போய்விடுவார்கள். அதனால்தான் எரிகிற அடுப்பு உள்ள அறைக்கு எப்போதும் திறந்திருக்கும் காற்றுவழி வேண்டும், சத்தம் போட்டு எழுப்பும் கருவி வேண்டும் என்று இங்கே விதியில் எழுதியிருக்கிறார்கள். ஆசிரியை சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார். அப்பா சொருகிய சாக்கு அந்தக் குளிர்காலங்களில் நிலைத்து நின்றிருந்தால் நாங்கள் இல்லை.

வீட்டுக்கு வந்து இதை என் மகள் ஆதிரையிடம் சொன்னேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே கேட்டாள். "உங்க வீட்டுல ஹீட்டர் இல்லையா?" என்றாள். நம்ம வீடு, மாமா வீடு என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. எப்போதிலிருந்து 'உங்க வீடு' ஆனது என்று கவனிக்கத் தவறிவிட்டேன்.

3

பூம்பாறையில் இப்போது வெள்ளைப்பூண்டை மட்டும் நம்பி யாரும் இல்லை. அண்ணனும் தோட்டத்து ஓரத்தில் இரண்டு அறை கட்டி, கொடைக்கானலுக்கு வருகிற டூரிஸ்டுகளுக்கு விட ஆரம்பித்தார். காட்டேஜ் என்று போர்டு வைத்தார். ஜன்னலைத் திறந்தால் படிப்படியாக வயலும், மேலே மேகமும் தெரியும். வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் போகும்போது எல்லோரும் ஒரே குறைதான் சொன்னார்கள்: குளிர் தாங்கவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் வீடியோ காலில் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சித்ரா, இங்க பாரு. ஒம் மாரியே வேல பாத்துருக்கேன்."

போனைத் திருப்பிக் காட்டினார். ரெட்டைக் கண்ணாடி போட்ட பிளாஸ்டிக் ஜன்னல். சட்டத்தைச் சுற்றிக் கறுப்பு ரப்பர். கூரைச் சந்தெல்லாம் ஃபோம் அடித்து, மேலே பலகை. கதவுக்கு அடியில் பிரஷ். பழைய காற்றுப் புழை இருந்த இடத்தைச் சிமெண்டால் பூசி, மேலே சாமி படம் மாட்டியிருந்தார். நல்ல வேலை. இங்கே என்றால் முதல் தடவையிலேயே தேறியிருக்கும்.

"மதுரையில இருந்து ஆளக் கூட்டியாந்து செஞ்சேன். ஊதுவத்தியப் பொருத்தி வெச்சா, பொக ஆடல, அசையல. நேரா மேல போகுது. ஒரு பொட்டுக் காத்து வராது."

"நல்லாருக்குண்ணே" என்றேன். போன் அறையின் மூலைக்குத் திரும்பியது. அங்கே புதுக் கணப்புச் சட்டி. இரும்பில், கால் வைத்து, அழகாக.

"அது எதுக்குண்ணே?"

"கெஸ்ட்டுக்குத்தான். ஹீட்டரப் போட்டா கரண்டு தாங்குமா? கரி போட்டுக் குடுத்தா வெதுவெதுன்னு கெடக்கும்."

என்ன சொன்னேன் என்று வரிசையாக ஞாபகம் இல்லை. வேகவேகமாகச் சொன்னேன். நடுவில் ஆங்கிலம் கலந்தது. அண்ணன் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"ஏம்மா, அப்பா காலத்துல இருந்து சட்டி வெச்சுத்தான படுத்தோம். யாரு செத்தா?"

"அந்த வீட்டுல காத்து புகுந்துச்சுண்ணே. இது அடைச்ச டப்பா. சட்டிய எடுத்துருங்க. செவத்துலயும் ஓட்ட போடுங்க, கீழ ஒண்ணு, மேல ஒண்ணு."

"காசக் கொட்டி அடைச்சிட்டு, திரும்ப ஓட்ட போடவா? கேக்குறவன் சிரிப்பான்."

"இங்க சட்டமே அப்பிடித்தாண்ணே. அடைக்கணும், ஆனா மூச்சுக்கு வழி விடணும்."

"ஒங்க ஊரு சட்டத்தக் கொண்டாந்து எங்க மலையில ஏத்தாத தாயி" என்றார். குரலை உயர்த்தவில்லை. "ஒனக்குக் காட்டணும்னு ஆசையாக் கூப்ட்டேன்." போனை வைத்துவிட்டார்.

ஒங்க ஊரு என்றார். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

4

மலையில் கட்டடம் கட்டுவதற்கு விதி இல்லாமல் இல்லை. எத்தனை மாடி, சரிவு எவ்வளவு, தண்ணீர் எங்கே போகும் என்றெல்லாம் அதிகாரிகள் அண்ணனிடம் கேட்டார்கள். கணப்பு வைக்கிற அறைக்குக் காற்று எங்கிருந்து வரும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது நான் ஒருத்தி. அதுவும் கடலுக்கு அப்பால் இருந்து.

எச்சரிக்கைக் கருவி இரண்டு வாங்கிப் பார்சல் அனுப்பினேன். பேட்டரி உள்ள பொருள் என்று சுங்கத்தில் நிறுத்திவைத்தார்கள். எதற்கு, என்ன பயன், விற்பதற்கா என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. உயிர் காக்கும் பொருள் என்று பதில் எழுதினேன். அப்படியென்றால் மருத்துவக் கருவியா, அதற்குத் தனி அனுமதி உண்டே என்று திருப்பிக் கேட்டார்கள். இல்லை, வீட்டில் மாட்டுவது என்று எழுதினேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை. பார்சல் எங்கோ ஒரு கிடங்கில் தூங்கியது.

மாரி மதினிக்குப் போன் செய்தேன். அண்ணனின் மனைவி. அதிகம் பேசமாட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, "தலவலி வருமா மொதல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"வரும் மதினி. தலவலி, வாந்தி, கெறக்கம். தூக்கத்துல இருந்தா ஒண்ணுமே தெரியாது. கதவத் தட்டித் தொறக்கலன்னா, தூங்குறாங்கன்னு மட்டும் நெனச்சிராதீங்க."

"சரி. ஒங்க அண்ணங்கிட்ட இப்ப எதுவும் சொல்ல முடியாது. மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டுத் திரியுறாரு. நான் பாத்துக்கறேன்."

என்ன பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியவில்லை. வேலைக்குப் போகும் வழியில் கொடைக்கானலின் வெப்பநிலையைப் போனில் பார்ப்பேன். குறைந்திருந்தால் வேலைக்கு நடுவே மறுபடி மறுபடி எடுத்துப் பார்ப்பேன். ஒருமுறை பரிசோதனைக்கு நடுவே கட்டட மேற்பார்வையாளர் என்னைத் தொட்டு, "உடம்பு சரியில்லையா?" என்றார். கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டே எழுதாமல் நின்றிருந்தேனாம்.

சரவணன், "ஊர்ல எத்தன பேரு கரி போடுறாங்க? எல்லாருக்கும் நீ ஒருத்தியே பயப்பட முடியுமா?" என்றார். அடுத்த நாள் அவரே ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, "அண்ணன் ஏதாச்சும் பேசுனாரா?" என்று கேட்டார்.

5

பொங்கல் விடுமுறையில் குடும்பக் குரூப்பில் அண்ணன் ஒரு படம் போட்டார். 'ரூம் ஃபுல்' என்று எழுதியிருந்தார். காட்டேஜ் வாசலில் மூன்று பேர். திருப்பூரிலிருந்து வந்த இளம் தம்பதி, அவர்களுடைய சின்னப் பெண். பின்னால் மூடுபனி. ஓரத்தில் பார்பிக்யூ அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது.

எனக்கு அது மதிய நேரம். சாப்பாட்டை வைத்துவிட்டு உடனே எழுதினேன்: 'சட்டி உள்ளே வைக்கலையே அண்ணே?' பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை.

மறுநாள் காலை எழுந்ததும் கூப்பிட்டேன். அண்ணன் எடுக்கவில்லை. மதினி எடுக்கவில்லை. மலையில் சிக்னல் போவது புதிதல்ல என்று எனக்கே சொல்லிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். அன்று ஒரு புது வீடு. வீட்டுக்காரப் பெண் வெளியே மழையில் நின்றுகொண்டு, தேறிவிடுமா என்ற கவலையில் நகம் கடித்துக்கொண்டிருந்தார். கதவில் துணியைக் கட்டி விசிறியை ஓடவிட்டேன். வீடு முழுக்க இரைச்சல். அப்போது போன் அதிர்ந்தது. மதினி. பாதியில் விசிறியை நிறுத்தினேன்.

"சித்ரா, பதறாத. எல்லாரும் உசுரோட இருக்காங்க."

மதினி சொன்னார்.

"வெள்ளனே சுக்குக் காப்பி கொண்டு போனேன். தட்டுனேன், தொறக்கல. விடுமுறைக்கு வந்தவுக, தூங்கட்டும்னு திரும்பிட்டேன். பாதி தூரம் வந்ததும் நீ சொன்னது சுருக்குன்னுச்சு. திரும்பப் போயி ஓங்கித் தட்டுனேன், அந்தப் பிள்ளையப் பேரு சொல்லிக் கூப்ட்டேன். ஒரு சத்தமும் இல்ல. ஒங்க அண்ணன் வர்றதுக்குள்ள மண்வெட்டிய எடுத்துக் கண்ணாடிய அடிச்சேன். ரெண்டு கண்ணாடியில்ல? ஒடைய மாட்டேங்குது சித்ரா. அழுதுகிட்டே அடிச்சேன்."

உடைந்தது. அண்ணன் ஓடிவந்து அதன் வழியாக உள்ளே இறங்கிக் கதவைத் திறந்தார். மூவரையும் இழுத்து வெளியே ஈரமண்ணில், பூண்டுப் பாத்தியின் மேலேயே போட்டார்கள். குழந்தையின் அம்மா வாந்தி எடுத்தாள். குழந்தை முனகியது. புருஷன் அசையவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் போட்டுக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வளைவுக்கு வளைவு மதினி குழந்தையின் முகத்தை ஜீப்புக்கு வெளியே பனிக்காற்றில் நீட்டிப் பிடித்துக்கொண்டே போனாராம். அங்கே ஆக்ஸிஜன் வைத்த பிறகு மெல்ல மெல்ல மூவரும் தெளிந்தார்கள். அந்தப் புருஷனுக்குத்தான் ரொம்ப நேரம் ஆனது. கண் விழித்ததும் எந்த ஊர் என்று கேட்டானாம்.

"சட்டியா மதினி?"

"இல்ல. சட்டிய அப்பவே தூக்கிப் பரண்ல போட்டுட்டாரு. நீ பேசுன மறுநாளு. ஒங்கிட்டச் சொல்ல ரோசம், என்னயும் சொல்ல வேணாம்னுட்டாரு. இவுங்க கோழி சுட்ட அடுப்பத் தூக்கி உள்ள வெச்சிக்கிட்டாங்க. பிள்ளைக்குக் குளுருதுன்னு."

பக்கத்தில் யாரோ விசும்புவது கேட்டது. "அவருதான்" என்றார் மதினி. "போன வாங்க மாட்டேங்குறாரு."

வெளியே நின்ற வீட்டுக்காரப் பெண் உள்ளே எட்டிப் பார்த்தார். வீடு தேறவில்லையா என்று கேட்டார். அவருடைய வீட்டுக்கு ஒன்றுமில்லை, என் அண்ணன் வீட்டில் ஒரு விபத்து என்றேன். மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். வீடு தேறியது. அவர் என்னைக் கட்டிக்கொண்டார். நான் போவதற்கு முன் ஒவ்வொரு அறையிலும் காற்றுவழி திறந்திருக்கிறதா என்று கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். அது என் வேலையில் சேர்த்தி இல்லை.

சாயங்காலம் ஆதிரை தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சரவணன் சொல்லியிருக்கிறார். "அந்தப் பாப்பா ஓகேவா?" என்றாள். ஓகே என்றேன். "அம்மா, நான் பயம்" என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதற்கு அவளிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான். திருத்தவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

6

போலீஸ் வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போனது. வழக்கு வருமோ, காட்டேஜை மூடச் சொல்வார்களோ என்று மதினி தினமும் அழுதார். திருப்பூர்க்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே, அடுப்பை உள்ளே கொண்டுவந்தது தாங்கள்தான் என்று எழுதிக் கொடுத்தார். அண்ணன் அங்கேயே, போலீஸ் முன்னால், "ரூம டப்பா மாரி அடைச்சது நாந்தான சார், அவர ஏன் கேக்குறீங்க?" என்று சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்றவர்கள் அவர் வாயைப் பொத்தி வெளியே இழுத்துவந்தார்களாம். விவகாரம் இன்னும் முழுதாக முடியவில்லை. எந்த நாளும் ஏதாவது சேதி வரலாம் என்ற பயத்தில்தான் அவர்களும் இருக்கிறார்கள், நானும் இருக்கிறேன்.

எனக்கு அண்ணன் போன் செய்யவே இல்லை. நானும் செய்யவில்லை. என்ன சொல்வது? நான் சொன்னேன் கேட்டீர்களா என்று ஆரம்பிக்கவா? அவர் பாதி கேட்டிருந்தார். என்னிடம் சொல்லாமல் கேட்டிருந்தார். மிச்சப் பாதிக்குத்தான் அந்தக் குழந்தை ஈரமண்ணில் கிடந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ காலில் வந்தார். இளைத்திருந்தார். வணக்கம் சொல்லவில்லை, நலம் கேட்கவில்லை.

"எங்க போடணும் சொல்லு."

பின்னால் சுவரில் துளை போடுகிற மிஷினுடன் ஓர் ஆள். சாமி படத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

கட்டிலின் தலைமாட்டில் வேண்டாம், நேராக முகத்தில் அடிக்கும் என்றேன். எதிர்ச் சுவரில் கூரையை ஒட்டி ஒன்று, கதவுப் பக்கம் தரையை ஒட்டி ஒன்று. வெளிப்பக்கம் மழை நுழையாமல் மூடி, எலி வராமல் வலை. உள்ளே மூட முடியாதபடி. நான் சொல்லச் சொல்ல அண்ணன் பென்சிலால் வட்டம் போட்டார். மிஷின் இரைந்தது. சிவப்புத் தூள் கொட்டியது. கடைசியில் ஓர் உருண்டைச் சுவர்த்துண்டு வெளியே விழுந்து, அங்கிருந்து வெளிச்சம் வந்தது.

அண்ணன் உள்ளங்கையை அதன் முன்னால் வைத்துப் பார்த்தார்.

"சீறிக்கிட்டு வருதும்மா."

"வரட்டும்ணே."

"குளுருன்னு திரும்பிப் போயிருவாங்க, வர்றவுங்க."

"கம்பளி கூட ஒண்ணு குடுங்க."

மிஷின்காரர் அடுத்த அறைக்குப் போனார். அண்ணன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார். மதினிக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம்.

"போன வாரம் பக்கத்துத் தோட்டத்துக்காரன் ரூம்ல ஆளு வந்து தங்குச்சு. எனக்குத் தூக்கமே இல்ல. விடிஞ்சதும் போயி அந்த ரூம் கதவத் தட்டுனேன். ஏம்ப்பா, ஒனக்கு என்ன கோட்டியா, எங் கெஸ்ட்ட எதுக்கு எழுப்புறங்குறான். அவுங்க எந்திரிச்சு வந்து என்னய வையுற வரைக்கும் நகரல நானு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒனக்கு இத்தன நாளும் இப்பிடித்தான் இருந்துச்சாம்மா?"

"ஆமாண்ணே" என்றேன்.